எடைத் தட்டில் ஒரு மஞ்சள் துணி

பழைய வாயில் புடவையில் பாதியைக் கிழித்து மடித்த மஞ்சள் துணி அது. ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையின் பிரசவ வார்டில், பிறந்த குழந்தையை எடை போடும் தட்டின் மேல் தலைமை சிஸ்டர் அதை விரிப்பார். "தட்டு சில்லுனு இருக்கும்மா. வெளிய வந்ததும் முதல்ல அதையா தெரிஞ்சுக்கணும்?" என்பார்.

மருத்துவக் கருவிகளைப் பொருத்துவது என் வேலை. அங்கிருந்த பழைய முள் தராசை எடுத்துவிட்டு டிஜிட்டல் கருவியை வைத்தவள் நான்தான். மின்னிணைப்பு, மட்டம், படிக்கல் என்று பதினொரு வரிப் பட்டியல். எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு மாதம் கழித்துச் சோதிக்கப் போனபோதுதான் கவனித்தேன். சிஸ்டர் கருவியை இயக்கி, சைபர் வந்த பிறகு துணியை விரித்து, அதன் மேல் குழந்தையைக் கிடத்தினார். பழைய தராசில் துணியோடு சேர்த்தே முள்ளைச் சைபரில் நிறுத்தி வைத்திருந்தார். புதியதில் துணி விரித்த பின் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதை நான் சொல்லித் தரவே இல்லை. துணியை மட்டும் போட்டுப் பார்த்தேன். நூற்றைம்பது கிராம்.

சிஸ்டர் பதிவேட்டை எடுத்தார். இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களைத் தனியாகக் குறித்துவைத்து, மாதாமாதம் வரவழைத்து வளர்ச்சியைப் பார்ப்பது அவர் வழக்கம். கருவில் பற்றாக்குறையோடு வளர்ந்த உடம்பு சேமிக்கப் பழகிவிடுகிறது. பின்னால் தாராளமாகக் கிடைக்கும்போது அந்தப் பழக்கமே சர்க்கரையாகவோ ரத்தக் கொதிப்பாகவோ திரும்பி வரலாம். "எல்லாருக்கும் வரும்னு இல்ல. யாரைப் பாத்துக்கணும்னாவது நமக்குத் தெரியணும்ல?" என்பார். துணியின் தயவில் இரண்டரையைத் தாண்டியவர்கள் ஒன்பது பேர். ஒருவரும் அந்தக் குறிப்பில் இல்லை. நான் எல்லாவற்றையும் சரிபார்த்ததாக முனகியபடி என் பட்டியலை நீட்டினேன். வாங்கிப் படித்தார்.

"இதுல குழந்தையே இல்லையேம்மா."

அன்றே வீடு வீடாகப் போன் செய்தார். மணப்பாறையிலிருந்து ஒரு மாமியார் சண்டைக்கே வந்துவிட்டார். "அன்னிக்கு நல்ல வெயிட்டுன்னீங்க, இன்னிக்குக் கொறைச்சல்ங்கிறீங்க. எங்க வீட்டுச் சோத்தையா குத்தம் சொல்றீங்க?"

"உங்க சோத்த இல்லங்க, என் துணியத்தான் சொல்றேன். பாப்பாவத் தூக்கிட்டு வாங்க."

தன் துணி என்றார். என் பட்டியலைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. எட்டுக் குழந்தைகள் வந்தார்கள். ஒன்பதாவது, சமயபுரத்தில் கடை வைத்திருந்தவர்களின் மகன். போனை யாரும் எடுக்கவில்லை. சிஸ்டர் இரண்டு முறை நேரில் போனார். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவனுக்கு இப்போது ஆறு வயதிருக்கும். அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஸ்கூல் பை மாட்டிய பையன்களைப் பார்த்துக்கொண்டே போகிறேன். பார்த்து என்ன கண்டுபிடிக்கப் போகிறேன் என்று தெரியவில்லை.

போன மாதம் கே.கே. நகரில் எனக்கு மகள் பிறந்தாள். நர்ஸ் தட்டில் துணி விரிப்பதைப் படுத்தபடியே பார்த்து, "சைபர் பண்ணீங்களா?" என்றேன்.

"பண்ணியாச்சு மேடம். புள்ள முகத்தப் பாக்காம மிஷினப் பாக்குறீங்களே!"

இரண்டு கிலோ முந்நூற்று எண்பது. மனம் உடனே கூட்டியது: நூற்றைம்பதைச் சேர்த்தால் இரண்டரையைத் தாண்டிவிடும். அந்தப் பொத்தானை அவர் அழுத்தாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் உண்மையாகவே ஆசைப்பட்டேன். பிறகு, எண்ணை அப்படியே எழுதச் சொன்னேன். தட்டின் சில்லிப்புத் தெரியாமல், துணியின் மேல் அவள் அழாமல் கிடந்தாள்.