நஸீமாவின் மாடி அறை ரம்பம்

பிளேடு மழுங்கிப்போனால் மரம் லேசாகக் கருகும். கருகின மரத்தூள் வாசனை... அது மூக்கில் ஏறினாலே எனக்கு மதுரைக் கோரிப்பாளையம் ஞாபகம்தான்.

நானும் நஸீமாவும் அப்போது ஒரே மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தோம். நான் அலங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் போவேன். அவள் வீடு கோரிப்பாளையத்திலேயே, கடைக்கு நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அவள் வீட்டு மாடி அறையில்தான் கிடப்பேன்.

அங்கேதான் அந்த ஸ்க்ரோல் சா இருந்தது. அவள் அண்ணன் துபாயிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து, சலித்துப்போய் விட்டுவிட்ட மெஷின். பார்க்கத் தையல் மெஷின் மாதிரி இருக்கும். ஊசி இருக்கிற இடத்தில் நூல் கனத்தில் ஒரு ரம்பம் மேலும் கீழும் குதிக்கும். பலகையைக் கையால் திருப்பித் திருப்பித் தள்ளினால் பூ, கொடி, குருவி என்று எதை வேண்டுமானாலும் வெட்டி எடுக்கலாம்.

பலகைக்கு நடுவில் ஓட்டை வேண்டுமென்றால் அது தனிக் கூத்து. டிரில் போட்டு, பிளேடைக் கழற்றி, துளைக்குள் விட்டு, மறுபடி மாட்டி, இறுக்கி... ஒவ்வொரு இலைக்கும் இதே பாடு. எனக்குப் பாதியிலேயே பொறுமை போய்விடும். பிளேடு அறுந்துவிட்டால் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டுவேன். அவள் புது பிளேடை எடுத்து நீட்டுவாள்.

"ஏன்டி செல்வி, அதுகூட மல்லுக்கட்டுற? அது பாட்டுக்கு ஓடட்டும். நீ பலகைய மட்டும் திருப்பு."

யார் வந்தாலும் மெஷின் முன்னால் உட்கார வைத்துவிடுவாள். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரைக்கூட விட்டதில்லை! அதுவும் எப்படி? பழகுகிறவர்களுக்கு ஒரு கழிவுத் துண்டைக் கொடுப்பதுதானே முறை. இவள் தான் வெட்டிக்கொண்டிருக்கிற நல்ல வேலையையே தூக்கிக் கையில் கொடுப்பாள். எனக்குப் பகீரென்று இருக்கும்.

"கெடுத்துப்புட்டா என்னடி பண்ணுவ?"

"துண்டுப் பலகையக் குடுத்தா ஏனோதானோன்னுதான் வெட்டுவாக. நல்லதக் குடுத்துப் பாரு, கை தானா நிதானத்துக்கு வரும்."

பல பேருக்கு வந்தது. வராதவர்களும் உண்டு. அப்போதும் அவள் முகம் மாறி நான் பார்த்ததில்லை.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. மெஷினும் என்கூட வரும், அங்கேயும் நான் ஓட்டுவேன். 'பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு மர வேலை' என்று வந்த இடமெல்லாம் தட்டிக்கொண்டே போனது.

கடைசியில் அவள் அம்மா பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டார். "இந்தச் சமயநல்லூர் இடமும் போச்சுன்னா, சத்தியமா அந்த மெஷின பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

சும்மா மிரட்டவில்லை. நஸீமா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சமயநல்லூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கறாரான முகம். டீயைக் குடித்து முடித்தார். அப்புறம், "மெஷினு மெஷினுன்னு சொல்றாகளே, எங்க இருக்கு அது?" என்றார்.

நேரே மாடிக்கு ஏறி வந்துவிட்டார். மெஷினில் ஒரு கடிகாரச் சட்டம் கிடந்தது. அக்கா வீட்டுக்கென்று நஸீமா நோன்புக்கு முன்னாலிருந்து வெட்டிக்கொண்டிருந்த வேலை. வட்டமாகக் கொடி ஓடும், ஒரே ஒரு சுருள்தான் பாக்கி.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். இவள் சும்மா இருப்பாளா?

"உக்காந்து ஓட்டிப் பாருங்க மாமி."

நஸீமாவின் அம்மா என் கையைக் கிள்ளினார். என்னைக் கிள்ளி என்ன செய்ய?

அந்த அம்மா வளையலை மேலே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் அழகாகத்தான் போனது. திருப்பத்தில் கை அவசரப்பட்டுவிட்டது.

படக்.

கொடி முறிந்து துண்டு கீழே விழுந்தது. நஸீமா மெஷினை நிறுத்தினாள். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் நாலு பேர் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்கிற கூச்சம். போச்சு, கல்யாணமும் போச்சு, மெஷினும் போச்சு என்று நினைத்தேன்.

நஸீமா துண்டைப் பொறுக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். சிரித்தாள்.

"மாமி, எம்புட்டு தூரம் நேரா போயிருக்கீக பாருங்க! மொத நாளு நான் இம்புட்டுகூடப் போகல."

அந்த அம்மா துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை.

"வேற பலகை இருக்காம்மா?"

கீழேயிருந்து அவர்கள் வீட்டு ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "வாரேன், வாரேன்" என்று இங்கிருந்து குரல்தான் போனது, ஆள் போகவில்லை. கல்யாணம் முடிந்து, சீர் சாமான் வண்டியில் அந்த மெஷினும் சமயநல்லூர் போய்ச் சேர்ந்தது.

இன்றைக்கு ஆர்டர் போட்டால் மெஷின் வாசலுக்கே வருகிறது. சொல்லிக்கொடுக்க வீடியோ கொட்டிக் கிடக்கிறது. நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நீங்களும் வாங்குங்கள், மாஸ்க்கையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். ஒரு மணி நேரம் ஃபோன் ஞாபகமே வராது.

போன வாரம் பக்கத்து வீட்டு கோகிலா, "அக்கா, நானும் ஓட்டிப் பாக்கவா?" என்று வந்தாள். நான் ஒரு மயில் வெட்டிக்கொண்டிருந்தேன், முக்கால்வாசி முடிந்திருந்தது. என் கை தன்னால் மயிலை ஒதுக்கிவிட்டுத் துண்டுப் பலகையைத் தேடியது... சீ என்று ஆகிவிட்டது எனக்கு. மயிலையே எடுத்துக் கொடுத்தேன்.

மயிலுக்குக் கழுத்து போச்சு.

பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல, நல்லாத்தான் போயிருக்க" என்று சிரித்தேன். கோகிலா மறுபடி வரவில்லை.

நஸீமா அன்றைக்குப் பல்லைக் கடிக்கவில்லை.