மேஸ்திரி வீட்டில் இருந்த மழைவாரம்

என் மகள் மூன்று வயது வரைக்கும் எனக்கு மட்டும்தான் மகளாக இருந்தாள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. அவளுடைய அப்பா ரங்கூன் துறையில் அரிசி மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. விடியும் முன்னே போவார், அவள் தூங்கிய பிறகு வருவார். கப்பல் இல்லாத நாளில் அக்கரையில் டாலா பக்கத்து ஆலைக்கு மூட்டை பார்க்கக் கிளம்பிவிடுவார். பிள்ளைக்கு அவர் ஒரு மீசையும் ஒரு செருமலும்தான். எப்போதாவது வெளிச்சத்தில் அவரைப் பார்த்துவிட்டால் என் சேலைக்குள் தலையை விட்டுக்கொள்வாள். "என்னடி இது, உங்க அய்யாதானே" என்று வாயால் சொல்வேன். உள்ளுக்குள் எனக்கு இனிக்கும்.

ஜப்பான்காரன் குண்டு போடுவதற்குப் பதினைந்து பதினாறு வருஷம் முன்னால் நடந்தது இது. ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மரவீட்டின் மாடியில் குடியிருந்தோம். மேலே தகரம், கீழே பலகை, முன்னால் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு நீளத் தாழ்வாரம். எனக்குத் தாயில்லை, கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். அந்த ஊரில் என்னுடையது என்று கைவைத்துச் சொல்ல எனக்கு இருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான். தெருவிலேயே அவளைப் போல எண்ணெய் தடவி, இரட்டைப் பின்னல் போட்டு, கண்ணுக்கு மை எழுதி வைத்திருந்த பிள்ளை வேறு கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லுவேன், கேட்க இப்போது யாரும் இல்லை.

பர்மாவில் மழை வைகாசியில் வரும், ஐப்பசியில் போய்விடும். அதற்குப் பிறகு சொட்டுத் தண்ணீர் விழாது. அதை நம்பித்தான் மார்கழியில் வடகம் பிழிந்து தாழ்வாரத்துக் கூரைமேல் காயப்போட்டிருந்தேன். கடலில் எங்கேயோ புயலாம். காலையில் வானம் கறுத்தது, கொஞ்ச நேரத்தில் ஊசி ஊசியாகச் சாரல், பின்னாலேயே ஆற்றிலிருந்து ஒரு வாடைக்காற்று. ரங்கூனில் அப்படி ஒரு குளிரை நான் பார்த்ததேயில்லை. வடகம் கூழாகி ஓடியது. அடுப்புக்கரி நனைந்து புகைந்தது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. தகரத்தில் மூன்று இடத்தில் ஒழுகியது, இருந்த ஏனத்தையெல்லாம் அங்கே வைத்துவிட்டுச் சமைக்க ஏனம் தேடிக்கொண்டிருந்தேன்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குப் பொழுது ஏறுவதற்குள் இவர் வீட்டுக்குத் திரும்பி வந்ததுதான் பொறுக்க முடியாததாகப் போயிற்று.

சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுத் தலையை மூடிக்கொண்டு, சொட்டச் சொட்ட வாசலில் நின்றார். பிள்ளை ஒரே அலறல். நான் சிரித்துவிட்டேன்.

"கப்பல்ல மூட்டை இறக்குற வாயை மூடிட்டான். அரிசி நனைஞ்சா துரை எங்க தோலை உரிச்சிருவான். மழை விடுற வரைக்கும் ஒண்ணுமில்ல" என்றார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். "ஏ புள்ள, இவ என்னைப் பார்த்து எதுக்கு இப்பிடிக் கத்துறா?"

"முகம் தெரிஞ்சாத்தானே கத்தாம இருக்கும்" என்றேன்.

அது அவருக்குத் தைத்துவிட்டது. மூலையில் போய் உட்கார்ந்தார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மறுநாள் மனுஷன் வேலையை ஆரம்பித்தார். அவளைக் கூப்பிடவில்லை, கொஞ்சவில்லை. ஒரு பழைய சாக்கை எடுத்து அறுத்துச் சின்னதாக ஒரு கொங்காணி மடித்துத் தன் முழங்காலில் மாட்டி வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிள்ளை என் சேலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள். மத்தியானத்துக்குள் அந்தச் சாக்கு அவள் தலையில் இருந்தது. நான் பின்னிவிட்ட சடை முழுக்கச் சணல் தூசி.

அதன் பிறகு வீடு துறைமுகமாகிவிட்டது. அவளை மூட்டை தூக்குவது போல ஒரே வீச்சில் முதுகில் ஏற்றிக்கொண்டு தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார். அங்கே இறக்குவார். திரும்ப ஏற்றுவார். "லாபம்! ரெண்டு! மூணு!" என்று துறையில் கணக்குச் சொல்லுகிற ராகத்திலேயே சொல்லுவார். அங்கே ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அவள் சிரிக்கிற சிரிப்பு கீழ்வீடு வரைக்கும் கேட்டது. நான் அவளை அப்படிச் சிரிக்கவைத்ததில்லை. நான் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் தேய்க்க வேண்டும், சளி பிடிக்காமல் பார்க்க வேண்டும், கழுவித் துடைக்க வேண்டும். சிரிப்புக் காட்ட எனக்கு எங்கே நேரம்?

பக்கத்து வீட்டில் ஒரு பர்மியக்காரி இருந்தாள். என்னைவிட மூத்தவள், சுருட்டு சுற்றி விற்பவள். நான் அவளை அமா என்பேன், பர்மியில் அக்கா. எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி அவளுக்குத் தமிழ் வரும். சுருட்டைப் புகைத்துக்கொண்டு இந்தக் கூத்தைப் பார்த்தவள், "தங்கச்சி, உன் பொண்ணு போச்சு. இப்போ அவர் பொண்ணு ஆயாச்சு" என்றாள்.

"மழை விட்டா எல்லாம் சரியாப் போகும்" என்றேன்.

"மழை விடல்லே ஆனா?"

"உன் சுருட்டைப் பார்த்துச் சுத்து அமா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விடச் சாப்பாட்டில்தான் என் வயிறு எரிந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சோறு ஊட்ட நான் படுகிற பாடு! காக்காயைக் காட்டி, ஆற்றில் போகிற சம்பான் படகைக் காட்டி, வாயைப் பிடித்து, நெற்றியில் வியர்வை வரும். பாதி உள்ளே போனால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. இவர் என்ன செய்தார்? "குண்டானைக் கொண்டா" என்று வாங்கி, சோற்றையும் குழம்பையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து, அவளை எதிரே சம்மணம் போட்டு உட்காரவைத்து, "கையை நீட்டு" என்றார். துறையில் அப்படித்தான். முப்பது பேருக்கு ஒரே குண்டான். யாருக்கும் கூடக்குறைய என்று பேச்சு வராமல் இருக்க, மேஸ்திரியே உருண்டை பிடித்து ஒவ்வொருத்தன் கையிலும் வைக்க வேண்டும். அதே மாதிரி ஒரு உருண்டையை உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா சிங்கம்!"

பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் தள்ளினாள். விழுங்கினாள். கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு."

"இந்தா சிங்கம்!"

குண்டான் காலியாகிற வரைக்கும் இதுதான். நான் மிளகாய்கூடக் கிள்ளிப் போடாமல் அவளுக்கென்று பருப்பு வேகவைத்துத் தனியாக வைத்திருந்தேன். அவள் அவரோடு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பை மூக்கில் தண்ணீர் வரத் தின்றாள். "காரமாக்கும், கொடுக்காதீங்க" என்றேன். "சிங்கத்துக்கு என்ன காரம்?" என்றார் அவர். "சிங்கத்துக்கு என்ன காரம்?" என்றாள் அவளும். அந்தப் பருப்பை நானே தின்றேன்.

ஒருநாள் அவரைக் கேட்டேவிட்டேன். "வேற வேலையே இல்லையா உங்களுக்கு? கூட்டாளிக அரிசிக் கிட்டங்கியில சீட்டாடுவாங்கல்ல, போயிட்டு வரலாம்ல?"

"இத்தனை வருஷமா வீட்டுலயே இருக்க மாட்டேங்கிறீகன்னு யாரு அழுதது?"

"நான் எப்ப அழுதேன்?"

"சரி, நீ அழல. வேற எவளோ அழுதா." கம்பளியைப் பிள்ளைமேல் இழுத்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் மல்லாந்து படுத்துத் தகரத்தில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். புகை கண்ணைக் கரித்தது. புகைதான்.

இதையும் ஒரு மாதிரி பொறுத்துக்கொண்டேன். விளையாட்டும் தீனியும் ஆண்பிள்ளைக்கு வரலாம். நோவு என்று வந்தால் பிள்ளை என்னிடம்தானே வரவேண்டும் என்று இருந்தேன். அன்றைக்கே அதுவும் போயிற்று. நனைந்த பலகையில் ஓடிவந்து வழுக்கி விழுந்தாள். முகவாயில் அடி. நான் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டுக் கையை விரித்துக்கொண்டு எழுந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கமாகவே ஓடிவந்து, என்னைத் தாண்டி, "அய்யா" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

விரித்த கையை மடக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நல்லது, ஏதாவது ஏசியிருப்பேன்.

மழையை அப்படித் திட்டின பெண்பிள்ளை பர்மாவிலேயே இருந்திருக்க மாட்டாள். ஒருவழியாக ஒருநாள் காலையில் வானம் வெளுத்தது. இருட்டோடு எழுந்து அவருக்குக் கஞ்சி காய்ச்சித் தயாராக வைத்திருந்தேன். "இன்னும் ஈரமாத்தான் இருக்கும், மெதுவாப் போலாம்" என்றார். "ஆளுக காத்திருப்பாங்க, கிளம்புங்க" என்று அனுப்பினேன். பிள்ளை எழுவதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டவேண்டும் என்பதுதான் எனக்கு.

எழுந்தாள். கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். தாழ்வாரத்து இரண்டு கோடிக்கும் போய்ப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிச் சமாதானப்படுத்தியிருக்கலாம். வாசலுக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். கஞ்சி கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டாள். அமா வீட்டிலிருந்து மீன்சாறு ஊற்றிய சேமியா, மொஹிங்கா என்பார்கள், வாங்கிவந்து கொடுத்தேன், அதற்கும் இல்லை. கடைசியில் என் மானத்தை விட்டு, குண்டானில் சோற்றைப் பிசைந்து, எதிரே உட்கார்ந்து உருண்டை பிடித்து, "கையை நீட்டு" என்றேன். நீட்டினாள். வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குண்டானுக்குள்ளேயே திரும்பப் போட்டாள்.

"இது ஆத்தா உருண்டை" என்றாள்.

உச்சிப்பொழுது வரைக்கும் பிள்ளை வயிற்றில் ஒன்றும் இல்லை. என்ன செய்வது? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளை இடுப்பில் தூக்கிக் கிளம்பினேன்.

"எங்கே தங்கச்சி?" என்றாள் அமா.

"காத்து வாங்க."

"ஒரு வாரம் வாங்கின காத்து போதாதா?" என்று அவள் சிரித்தது படி இறங்குகிற வரைக்கும் கேட்டது.

எங்கள் பெண்கள் துறைக்குப் போகிற வழக்கம் இல்லை. மேஸ்திரி வீட்டுக்காரி மூட்டைக்காரர்கள் நடுவில் போய் நின்றால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். முக்காட்டைப் போட்டுக்கொண்டு, கிட்டங்கிச் சுவர் ஓரமாகப் போய், அடுக்கி வைத்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் தின்னக் கொடுத்தால் தின்னட்டும், தின்றபிறகு தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், இதுதான் என் எண்ணம். என் பிள்ளைக்குச் சோறு போட இன்னொருவர் கையை எதிர்பார்த்து நின்றேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

சாப்பாட்டு நேரம். ஆட்கள் பலகைமேல் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நடுவில் குண்டானை வைத்துக்கொண்டு இவர். ஒரு வாரம் வேலையில்லாமல் கிடந்தவர்கள், எல்லாருக்கும் பசியும் குஷியும். இவர் உருண்டை பிடித்துப் பிடித்து நீட்டிய கைகளில் வைத்துக்கொண்டே போனார்.

"அய்யா!" என்று இவள் குரல் கொடுக்க வாயைத் திறந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத் தொந்தி வைத்த ஒரு தடியன், வாயில் இருப்பதை விழுங்காமலே கையை நீட்டினான். "மேஸ்திரி, இன்னொண்ணு."

"இந்தா சிங்கம்!" என்றார் இவர்.

என் இடுப்பில் இருந்த பிள்ளை கல்லாகிவிட்டாள். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. அடுத்தவன் கையை நீட்டினான். "இந்தா சிங்கம்." அதற்கடுத்தவன். அவனும் சிங்கம்தான். அந்த வரிசை முழுக்கச் சிங்கம்.

அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கு விடைத்து, உதட்டைக் கடித்து, கண் அந்தத் தடியன் கையில் இருந்த உருண்டை மேலேயே. ஒரு வாரமாக நான் அடுப்புக்குப் பின்னால் எந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேனோ அதே முகம். யாரும் எனக்குக் கண்ணாடி காட்டத் தேவையில்லை.

"போய்க் கையை நீட்டுறியா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்."

"உங்க அய்யாதானே?"

"வீட்டுக்குப் போலாம் ஆத்தா." முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டு காலால் என்னை உதைத்தாள், குதிரையை விரட்டுவது போல.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. வந்த வழியே திரும்பினேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளே போய் என் கிண்ணத்தை எடுத்துவந்து மடியில் உட்கார்ந்தாள். பருப்புஞ்சோறு. காக்காயைக் காட்டவில்லை, சம்பானைக் காட்டவில்லை. ஒரு பருக்கை மிஞ்சவில்லை. என் கையால், அவள் வாயில்.

சாயங்காலம் இவர் எப்போதும் இல்லாத அதிசயமாக விளக்கு வைக்கும் முன்னமே வந்துவிட்டார். படியேறும்போதே "லாபம்!" என்று குரல். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பிறகு என் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். இன்னும் கொஞ்சம் நின்றார். நிமிர்ந்தார்.

"என்னாச்சு இவளுக்கு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். "பசியா இருப்பீங்க, கை கழுவிட்டு வாங்க." பெரிய மீன் துண்டாகப் பார்த்து எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.