சந்தனம் பூசிய சோலார் பேனல்

என் தங்கை நிருபமாவின் கணவன் கேசவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய வேலை. என்ன வேலை என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்வான். கேட்டு முடித்த பிறகும் என்ன வேலை என்று தெரியாது. நேரில் அவனிடம் 'நீங்க' போட்டுத்தான் பேசுகிறேன். எழுதும்போதும் அந்தச் சிரமம் எனக்கு வேண்டாம்.

அவன் தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் அமல்தாராக, நம்ம ஊர் தாசில்தார் மாதிரி, இருந்தவர். அப்பா அரசாங்க எஞ்சினியர். ஜெயநகரில் பரம்பரை வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர், ஸ்விட்சைத் தட்டினால் வெளிச்சம் என்று ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தவனுக்கு நாற்பது வயதில் கஷ்டப்பட்டுப் பார்க்க ஆசை வந்துவிட்டது. முதலில் மொட்டைமாடியில் மண்புழு வளர்த்தான். புழு செத்தது. இனி சைக்கிளில்தான் ஆபீஸ் என்று ஒரு சைக்கிள் வாங்கினான். அதில் இப்போது ஈரத்துண்டு காய்கிறது. அப்புறம் ஹாரோஹள்ளி தாண்டி, கரண்ட் கம்பமே இல்லாத ஒரு லேஅவுட்டில் கால் ஏக்கர் வாங்கித் தகர ஷெட் போட்டான். கரண்ட் இல்லை என்பதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அங்கே போன் சார்ஜ் செய்வதற்காக வந்ததுதான் மடக்கும் சோலார் பேனல். நாலு மடிப்பு, மடித்தால் பையில் அடங்கும், பிரித்தால் ஒரு சின்னப் பாய் அளவு இருக்கும். ஓரத்தில் கேபிளைச் சொருக இடம். பேனல் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மலையேறுகிறவர்களுக்கும், ஆடு மேய்க்கப் போகிறவர்களுக்கும் அது நல்ல சாமான். கேசவின் கையில் மாட்டியது அதன் தலையெழுத்து.

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பாடம் எடுப்பான். "அக்கா, செல் எல்லாம் சீரீஸ்ல இருக்கு. ஒரு இலையோட நிழல் விழுந்தாப் போறும், மொத்தமும் படுத்துடும்." ரசம் ஆறிப்போகும்.

நிருபமா பீண்யாவில் ஒரு தொழிற்சாலையில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்தவள். மாமியார் ராஜலக்ஷ்மி படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, மறுபடி வேலைக்குப் போயேன் என்று அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. அவளாகவே விண்ணப்பம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகத் தேறி, ஒரு சிங்கப்பூர் கம்பெனியின் கடைசி இன்டர்வியூ வரைக்கும் வந்துவிட்டாள். வீடியோ காலில் நடப்பது. விஜயதசமி அன்று மத்தியானம். அவர்களுக்கு அன்று லீவு இல்லை.

என் வீட்டுக்கு வந்துவிடு என்றேன். கேசவ் குறுக்கே விழுந்தான். "சிட்டி சத்தத்துல என்ன இன்டர்வியூ? ஃபார்ம்ல வெச்சுக்கலாம். பின்னாடி பச்சைப்பசேல்னு தெரியும். பவருக்கு நான் கேரண்டி."

மாட்டேன் என்றால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். இந்தச் சமயத்தில் அது வேறு எதற்கு என்று நிருபமா ஒப்புக்கொண்டாள். அவன் கேரண்டியை நம்பாமல் நானும் கூடப் போனேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் போய்ச் சேர்ந்தோம். மழைச் சேற்றில் கார் ஷெட் வரை போகாது என்று லேஅவுட் கேட்டிலேயே விட்டுவிட்டு நடந்தோம். ஷெட்டில் பூஜை. கடப்பாரை, மண்வெட்டி, அவற்றுக்கு நடுவில் பேனலும் பவர் பேங்கும். பேனலின் நாலு மடிப்பையும் விரித்து, ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தான். வெளியே வெயில் கொளுத்தியது. அன்று முழுக்க பேனலை அவன் வெளியே எடுக்கவில்லை.

"இன்னிக்கு அதுக்கு ரெஸ்ட், அக்கா. நாளைக்குப் புனர்பூஜை ஆனப்பறம்தான் தொடணும்."

சாஸ்திரம் சரிதான். சரஸ்வதி பூஜையன்று நானும் புஸ்தகத்தைத் தொடமாட்டேன். ஆனால் மறுநாள் இன்டர்வியூ என் புஸ்தகத்தை நம்பி இல்லையே! பவர் பேங்க்கும் பூஜைக்குப் போகுமுன்பே காலி. அதை வீட்டில் சார்ஜ் செய்துகொண்டு வந்தால் அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டிவிட்டுப் பேனலை வெயிலில் விரித்தான். சந்தனம் காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது. நான் ஈரத்துணியோடு போனேன்.

"ஐயோ அக்கா! பூஜை பண்ணினதைத் துடைக்கப்படாது. தானா உதிரணும்."

"இலை நிழலுக்கே படுத்துடும்னு சொன்னேளே?"

"அது நிழல். இது சந்தனம்னா. ரொம்ப தின் லேயர்."

இவனுக்குக் கீழே அறுபது எஞ்சினியர்கள் வேலை செய்கிறார்களாம். பாவம், அவர்கள்.

"காருக்குப் போய் சார்ஜ் போட்டுண்டு வந்துடட்டுமா?" என்றாள் நிருபமா.

"பெட்ரோலை எரிச்சா? அப்பறம் இந்த செட்டப் எதுக்கு, நிரு?"

அவள் கேபிளைப் பேனலில் சொருகினாள். போனில் மின்னல் குறி வந்தது. கேசவுக்கு அந்தக் குறி போதும். பேனல் வேலை செய்கிற அழகைத் தன் போனில் வீடியோ எடுத்து எடுத்தே அந்தப் போனைச் சாகடித்தான். என் போனுக்கு அந்தக் காட்டில் சிக்னலே கிடையாது. ஆக மிச்சம் இருந்தது நிருபமாவின் போன் ஒன்றுதான்.

"ஏறவே இல்லையே, கேசவ்," என்றாள்.

"ஸ்வல்ப பொறு. சூரியன் உச்சிக்கு வரட்டும்."

அவள் மறுபடி தலையை வாரிக்கொண்டாள். எனக்கு அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது.

இன்டர்வியூ நேரத்துக்குச் செங்கல் அடுக்கின் மேல் போனை நிறுத்தி உட்கார்ந்தாள். திரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நிருபமா ஒரு கேள்விக்கும் தயங்கவில்லை. விலை, தரம், கப்பல், கெடு என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் சொன்னாள். நோயாளிக்குக் கஞ்சி கரைத்துக் கரைத்து இவளுக்கு எல்லாம் மறந்திருக்கும் என்று நானே பயந்திருந்தேன். ஒன்றும் மறக்கவில்லை.

அந்தப் பெண் கேட்டாள்: "நீங்கள் நம்பிய ஒரு சப்ளையர், கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டார். அப்படி ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள்?"

நிருபமா வாயைத் திறந்தாள். திரை கறுத்துவிட்டது.

"கனெக்டர் லூஸா இருக்கு!" என்று கேசவ் பேனலிடம் ஓடினான். நிருபமா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துக்கொண்டு சேற்றில் விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் நான். எனக்குப் பின்னால், பேனலைப் பிரித்தபடியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கேசவ். "நிரு, இப்போ நல்ல வெயில் வந்துடுத்து! இப்போ ஏறும் பாரு!"

காரில் சாவியைத் திருகிப் போனைச் சொருகினாள். போன் உயிர் பிடிக்கிற வரைக்கும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி இணைந்தாள். அவர்கள் கிளம்புகிற முகத்தோடு இருந்தார்கள். அந்தப் பெண் அதே கேள்வியை, கொஞ்சம் விறைப்பாக, திருப்பிக் கேட்டாள். அதற்குள் கேசவ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்து ஜன்னலில் நின்றான்.

நிருபமா நிதானமாக இங்கிலீஷில் சொன்னாள்: "எனக்கு ஒரு சப்ளையர் உண்டு. டெமோ பிரமாதமாக இருக்கும். விளக்கம் அதைவிடப் பிரமாதம். சரக்கு மட்டும் தேவைப்படுகிற நாளில் வராது. அவர் மனசு நோகக் கூடாது என்று பல வருஷம் சரி சரி என்று போனேன். மாற்று ஏற்பாடு என் கையிலேயே இருந்தது. கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று காத்திருந்தேன். அது என் தப்பு."

"அப்புறம்?"

"கேட்பதை விட்டுவிட்டேன். எழுந்து போய் மாற்று ஏற்பாட்டை நானே எடுத்துக்கொண்டேன். வேலை நடந்துகொண்டிருக்கிறது."

அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். வேலை கிடைத்துவிட்டது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று காரில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது தெரியாது.

கால் முடிந்தது. கேசவ் ஜன்னலில் குனிந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

"பிரமாதமா பேசினே, நிரு! ஆமா, யாரு அந்த சப்ளையர்? பீண்யா ஆளா? எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே?"

கேலி செய்கிறானோ என்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. நிஜமாகத்தான் கேட்டான்.

"நீங்கதான்," என்றேன்.

"போங்கோ அக்கா, உங்களுக்கு எப்பவும் தமாஷ்தான்," என்று கடகடவென்று சிரித்தான்.

நிருபமா சிரிக்கவில்லை. அவன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரிவர்ஸ் கியர் போட்டாள்.