பத்து நிமிடத்துக்கு முன் ஒரு போன்

மின்வாரியத்தில், மின்தேவை கூடும் நேரங்களில் தங்கள் இணைப்பை நிறுத்திக்கொள்ளச் சம்மதித்த ஆலைகளின் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. சென்ற ஆண்டு அதைப் புதிய கணினி முறைக்கு மாற்றினேன். இனி நாங்கள் நிறுத்த வேண்டாம், கணினியே நிறுத்தும். ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை சரிபார்த்து, பிழை ஏதுமில்லை என்று கையெழுத்திட்டேன்.

பழைய பதிவேட்டில் மண்டபத்தூர் ஐஸ் ஆலைக்கு எதிரே நானே எழுதிய குறிப்பு ஒன்று உண்டு: 'பத்து நிமிடம் முன்பே சூப்பர்வைசர் அருளப்பனுக்கு போன் செய்யவும்.' அவர் குடியிருப்புக்கும் ஆலையின் மின்சாரம்தான். அவருடைய மனைவி ஆக்சிஜன் மெஷினில் இருந்தார். என் போன் வந்ததும் அருளப்பன் ஓடிப்போய் சிலிண்டருக்கு மாற்றிவிடுவார். புதிய படிவத்தில் குறிப்பு எழுத இடமில்லை. அதை எங்கே ஏற்றுவது என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம் என விட்டுவிட்டேன்.

புதிய முறை தொடங்கிய மூன்றாம் நாள் பிற்பகல் கணினி ஆலையின் இணைப்பை நிறுத்தியது. அருளப்பன் படகுகளுக்கு ஐஸ் கொண்டுபோயிருந்தார். திரும்பியபோது அந்த அம்மா உயிரோடு இல்லை.

துக்கத்துக்குப் போனேன். அருளப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன் வரலையே, கரண்டு இருக்கும்னு நெனச்சிட்டேன் சார். வர்ற வழியில நின்னு ஒரு டீ குடிச்சேன். அத குடிக்காம வந்திருந்தா..."

"டீயால இல்லைங்க. உங்களுக்கு போன் பண்ணணும்ங்கிற குறிப்ப கம்ப்யூட்டர்ல நான்தான் ஏத்தாம விட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப நான் டீ குடிச்சதால இல்லைங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

அவருக்கு என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். பிழை ஏதுமில்லை என்ற என் கையெழுத்து கோப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது.