நீலக்கை வெயிலுக்கு வைத்த மண்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் நீலக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பியின் சாயப்பட்டறையில் இருபத்தேழு வருஷமாக நூல் முக்கி எடுத்து, முழங்கை வரை நீலம் ஏறிப்போயிருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறாயா என்று யாராவது விரலைப் பார்த்துக் கேட்டால், இத்தனை வருஷமாகப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், ஒருத்தனும் ஜெயித்தபாடில்லை என்பாள். வாய் அப்படி.

அவளுக்கு ஒரே எதிரி வெயில். சாயம் போட்ட நூலை நிழலில்தான் உலர்த்துவாள். வெயில் நிறத்தைத் தின்றுவிடும். சோம்பல்பட்டு எவனாவது ஒரு கழி நூல்கட்டை வெயிலில் தொங்கவிட்டால் அன்றைக்கு அவன் பாடு திண்டாட்டம்தான்.

இப்போது பட்டறையின் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. திங்கட்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருவார். கழிவுத் தண்ணீரில் சாயம் இருந்தால் பூட்டுதான் என்று எழுதியே கொடுத்துவிட்டார். தம்பி ஓடிப்போய்க் கல்லூரி வேதியியல் டீச்சரைக் கையோடு அழைத்துவந்தான். டீச்சர் களிமண்ணில் ஒரு வெள்ளைப் பொடியைச் சேர்த்துச் சுட்டு, மாவாக அரைத்து, மூட்டையாகக் கொண்டுவந்தார். இதன்மேல் வெயில் பட்டால் தண்ணீரில் இருக்கிற சாயம் உடைந்து இல்லாமலே போய்விடும் என்றார். களிமண் தலையில்தான் இருக்கும் என்று நினைத்தேன், தொட்டிக்கும் வந்துவிட்டதா என்று நீலக்கை முணுமுணுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மொட்டை மாடித் தொட்டியில் சாயத் தண்ணீரை நிரப்பி, மண்ணைக் கொட்டிக் கலக்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் மண் அடியில் படிந்து, தண்ணீர் பளிங்காகத் தெளிந்துவிட்டது. தம்பி துள்ளிக் குதித்தான். டீச்சருக்கே கண் கலங்கியது. நீலக்கைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. தண்ணீரை விட்டுப் போகும் நிறம் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதுதானே அவள் பிழைப்பு? தொட்டிக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். மண் கருநீலமாக இருந்தது.

"சாயம் சாகல டீச்சர். மண்ணுக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கு."

டீச்சரின் முகம் தொங்கிப்போனது. மண் உறிஞ்சியதை வெயில் அழித்ததாக நினைத்து ஏமாந்தேன் என்று ஒப்புக்கொண்டார். தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதிகாரி தண்ணீரைத்தானே பார்ப்பார், மண்ணையா கிளறப்போகிறார் என்றான். அந்த மண்ணை எங்கே கொட்டுவாய், மழை வந்தால் அதே நீலம் ஓடைக்குத்தானே போகும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவன் தடதடவென்று படியிறங்கிப் போனான். தன் வாயாலேயே பட்டறையைப் பூட்டிவிட்டோமோ என்று நினைத்தபடி அவள் மண்ணைத் திரும்பத் தொட்டியில் போட்டாள்.

சனிக்கிழமை பல் துலக்கும்போது பொறி தட்டியது. வெயிலில் கிடந்த நூல் கழியில் மேல் நூல்தான் வெளுக்கும், உள் நூல் அப்படியே இருக்கும். தொட்டியில் மண் ஒரு சாண் கனத்துக்குக் கிடந்தால் அடிக்கு வெயில் எப்படிப் போகும்? வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் டீச்சருக்குப் போன் போட்டாள்.

அகலமான இரண்டு தட்டுகளில் நீல மண்ணை மெல்லிசாகப் பரப்பித் தண்ணீர் விட்டார்கள். வெயிலின் வேலைதானா என்று தெரிய வேண்டும் என்று டீச்சர் ஒன்றைப் பலகையால் மூடச் சொன்னார். நீலக்கை துடுப்பால் இரண்டையும் மாறி மாறிக் கிளறினாள், மூடியதைப் பலகையை லேசாகத் தூக்கி. மண்டை காய்ந்தது. மாடியை விட்டு இறங்கவில்லை. வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்த வெயிலைப் பார்த்து, "தின்னு ராசா, நல்லாத் தின்னு" என்று கெஞ்சினாள். சாயங்காலம் திறந்த தட்டு லேசாக வெளிறியது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, டீச்சரைக் கட்டிப்பிடித்து அவர் புடவையெல்லாம் நீலமாக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மேலே வந்தான். தட்டுகளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த துடுப்பை வாங்கித் தானே கிளற ஆரம்பித்தான். பொழுது சாய்வதற்குள் திறந்த தட்டு மண் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. மூடிய தட்டு அதே கருநீலம்.

திங்கட்கிழமை அதிகாரி மாடிக்கு வந்ததும் தண்ணீரைக் காட்டச் சொன்னார். நீலக்கை டம்ளரை எடுக்கப் போனாள். தம்பி தடுத்தான்.

"தண்ணி இருக்கட்டும் சார். முதல்ல மண்ணைக் கிளறிப் பாருங்க. அக்கா, அந்தப் பலகையத் தூக்கு."

அதிகாரி இரண்டு தட்டிலும் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் நீலமானது, இன்னொன்று ஆகவில்லை. கொண்டுவந்த பூட்டு கடைசிவரை அவர் பையிலேயே கிடந்தது.