நீங்க எம்ப்ளாயியே இல்லைங்களே

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான், நான் அந்த மருத்துவமனையில் வேலையே பார்க்கவில்லை என்பது தெரியவந்தது. சேலத்தில் ஐந்து மாடி வைத்த தனியார் மருத்துவமனை அது. மகப்பேறு மருத்துவராக மூன்று வருடம் அங்கே இருந்தேன். நான் நீட்டிய விடுப்புக் கடிதத்தைப் படித்த நிர்வாக அதிகாரி, அதை மிக மரியாதையாக என் பக்கமே நகர்த்திவைத்தார்.

"மேடம், நீங்க எம்ப்ளாயியே இல்லைங்களே. கன்சல்டன்ட்டுங்க. மகப்பேறு லீவெல்லாம் நர்சுங்களுக்குத்தானுங்க."

"அப்புறம் தெனமும் எட்டு மணிக்கு எதுக்குங்க நான் கைரேகை வைக்கறேன்?"

"அது ஒரு ஒழுங்குக்குங்க."

"போன மாசம் சொல்லாம லீவு போட்டேன்னு மெமோ குடுத்தீங்களே?"

"அதுவும் ஒழுங்குக்குத்தானுங்க."

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் 'தாய்மையைப் போற்றுவோம்' என்று பெரிய விளம்பரப் படம். அதில் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது நான்தான்.

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். மேற்படிப்பு முடித்த சூட்டில், முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது. ஆறு பக்கத்தையும் இப்போது படித்தேன். அவர்களுக்குத் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் நான் ஊழியர். எனக்குத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் சுதந்திரமான ஆலோசகர். என் மேலேயே எரிச்சலாக வந்தது.

நாமக்கல்லில் இருந்து பார்க்க வந்திருந்த மாமனார், லாரித் தொழிலில் முப்பது வருடம் ஓட்டியவர், ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொன்னார்.

"ரோட்டோரமா நம்ம எடம் சும்மாதான கெடக்குது சாமி. ஆஸ்பத்திரியக் கட்டிப்புட்டா நீ ஆருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல."

"பதில் சொல்ல வேண்டியதில்லைங்க மாமா. ஆனா ஆயா வரலைன்னாலும் நான்தான், ஜெனரேட்டர் ஓடலைன்னாலும் நான்தான். எனக்குப் பிரசவம் பார்க்க மட்டுந்தானுங்க தெரியும்."

அவருக்கு வருத்தம்தான். கணவர் அரசு வேலைக்கு எழுதச் சொன்னார். தேர்வு எப்போது வரும், எந்த ஊரில் போடுவார்கள் என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

மறுபடியும் நிர்வாக அதிகாரியிடம் போனேன். ஒன்று, ஊழியராக எடுத்துக்கொண்டு விடுப்புக் கொடுங்கள். இல்லையென்றால் கைரேகையையும் மெமோவையும் விட்டுவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஆறாம் மாதமும் போயிற்று, ஏழாம் மாதமும் போயிற்று. வருகிற பெண்களிடமெல்லாம் மதியம் கொஞ்ச நேரம் இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள் என்று சொல்லிவிட்டு, வீங்கிய காலோடு அடுத்த அறுவைச் சிகிச்சைக்குப் போய் நின்றேன்.

குமாரபாளையத்தில் இருந்து வந்துகொண்டிருந்த ஒரு விசைத்தறிக்காரரின் மனைவிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே மாதம். அவள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டாக்டரம்மா, எம்பட பிரசவத்துக்கு நீங்க இருப்பீங்களா?" என்று கேட்டாள். இருக்க முடியாது என்று உண்மையைச் சொன்னேன். "அப்ப உங்களுதுக்கு ஆருங்க இருப்பாங்க?" என்றாள். அன்று மாலையே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். ஊழியரே இல்லாத எனக்கு, ராஜினாமாவுக்கு மட்டும் இரண்டு மாத நோட்டீஸ் உண்டு என்றார்கள்.

மகள் பிறந்த ஆறாவது மாதம் நாமக்கல்லில் ஒரு மூத்த பெண் மருத்துவரின் சிறிய மருத்துவமனையில் சேர்ந்தேன். ஊழியராகத்தான். எந்தெந்த நாள் வேலை, எந்தெந்த ஞாயிறு என் முறை, எத்தனை நாள் விடுப்பு, எல்லாம் இரண்டே பக்கத்தில். இரண்டையும் அவர் முன்னாலேயே உட்கார்ந்து வரி விடாமல் படித்தேன். அவர் சலிக்காமல் காத்திருந்தார். இங்கேயும் எரிச்சல்கள் இல்லாமல் இல்லை. ஸ்கேன் கருவி பழசு, அவர் சொன்னதை மாற்றிக்கொள்ளவே மாட்டார்.

போன மாதம் சேலத்து அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். "மேடம், இப்ப எம்ப்ளாயியாவே எடுத்துக்கறோமுங்க. ஒண்ணே ஒண்ணு... இந்தக் கொழந்தையோட நிறுத்திக்குவீங்கதானுங்களே?"

"இதை உங்க ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வர்ற எல்லார்த்துகிட்டயும் கேப்பீங்களாங்க?" என்றேன்.

அவருக்கு அது புரியவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.