கல் வாங்கியவளும் பந்து வாங்குகிறவர்களும்

"பட்டம் வாங்கப் போறாளாக்கும். ஏத்தா, ஒங்காத்தா கல்லு வாங்குற மாதிரி லேசுன்னு நெனச்சுட்டியோ? அதெல்லாம் கையில நிக்காது."

மதுரை கோரிப்பாளையத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தபோது, அங்கே ஆட்களை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரி என்னிடம் சொன்னது இது. பி.யூ.சி. தேறிய செய்தியை அம்மாவிடம் சொல்ல கீழக்குயில்குடியிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். மேஸ்திரி சிரித்தார். கலவை போட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சாரத்தின் மேல் பலகையில் அவள் நின்றிருந்தாள். அந்த நேரம் கீழே இருந்து எறிந்த ஒரு செங்கல் அவள் கைக்கு வந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு இரண்டு பட்டங்கள் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். மூன்றாவது பட்டத்துக்காக அமெரிக்காவின் நடுவில், கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம் நிற்கும் ஒரு பல்கலைக்கழக ஊருக்கு வந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. படிப்பது புள்ளியியல். மேஸ்திரியை நினைக்காத வாரமில்லை. பாசத்தினால் அல்ல.

வந்த புதிதில், எங்கள் அறையில் உட்காரும் கெவின் என்ற சக மாணவன் என்னிடம் கேட்டான்: "எல்லாக் காலத்துக்கும் சேர்த்து மிகச் சிறந்த ரிசீவர்? உன் கருத்து?" நமக்கு ரிசீவர் என்றால் என்ன? போஸ்ட் ஆபீஸில் கறுப்பாகத் தொங்குகிறதே, காதில் வைத்துக் கத்துவோமே, அது. மேஜை மேலிருந்த தொலைபேசியைக் காட்டி, "இது நன்றாகவே கேட்கிறது" என்றேன். இரண்டு வாரம் துறை முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். கடிதப் பெட்டி வைத்திருக்கும் இடத்தில்கூட ஒருவர் என்னைப் பார்த்ததும் காதில் கையை வைத்து "ஹலோ" என்றார். படித்தவர்களின் நகைச்சுவை எந்த ஊரிலும் இவ்வளவுதான் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். இந்த நாட்டில் கையால் எறிந்து கையால் பிடிக்கும் ஓர் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பந்தும் உருண்டை இல்லை. உரித்த தேங்காயை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தது போலிருக்கும். ஒருவன் எறிவான். இன்னொருவன் எதிரணியைத் தாண்டி வெகுதூரம் ஓடி அதைப் பிடிப்பான். பிடிப்பவன் ரிசீவர். அவர்களிலும் மிக நீண்ட தூரம் ஓடி, எதிரணிக்குப் பின்னால் போய்ப் பிடிப்பவனை 'டீப் த்ரெட்' என்கிறார்கள். ஆழமான ஆபத்து. கல்குவாரியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கும் குழிக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டிய வாசகம். அதை மார்பு அகன்ற ஓர் ஆளுக்குப் பட்டப்பெயராகக் கொடுத்துவிட்டு, அவர்களில் எந்தக் காலத்து ஆள் பெரியவன் என்று முனைவர் பட்டம் வாங்கியவர்கள் முகம் சிவக்கச் சண்டை போடுகிறார்கள்.

எங்கள் பேராசிரியருக்கு அறுபது வயதிருக்கும். அவர் இளவயதில், 1940களில், தோல் தொப்பி போட்டு ஆடிய ஒருவர்தான் அவருடைய தெய்வம். கெவினுக்கு இப்போது ஆடும் ஒருவன். வாரம் ஒருமுறையாவது இந்தப் பஞ்சாயத்து நடக்கும். "அந்தக் காலத்தில் அவரை யாராலும் நிறுத்த முடியாது" என்பார் பேராசிரியர். "இந்தக் காலத்தில் அவர் களத்துக்குள்ளேயே நுழைய முடியாது" என்பான் கெவின். இருவரும் நாள் முழுக்க மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒப்பிடக் கூடாததை ஒப்பிடாதே என்று. கரும்பலகையை விட்டு இரண்டடி நகர்ந்ததும் அது மறந்துவிடும். மதுரை டீக்கடை பெஞ்சில் பேப்பரைப் பங்கு போட்டுப் படிக்கிறவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்டால், இவர்கள் காப்பியில் சர்க்கரை போடுவதில்லை என்பதுதான்.

எனக்கு இதில் என்ன வந்தது என்றால், என் வகுப்பு. இங்கே ஆராய்ச்சி மாணவர்கள் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும். எனக்கு மட்டும் இரண்டு வருடமும் விடைத்தாள் திருத்தும் வேலையே வந்தது. மூன்றாவது வருடம் பேராசிரியரிடம் நேரே போய்க் கேட்டேன். அவர் நல்லவர், நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்: "அந்த வகுப்பின் முதல் பாடம் எப்போதும் ரிசீவர்களைப் பற்றியது. பிள்ளைகள் அதில்தான் ஒட்டுவார்கள். நீ இந்தப் பந்தைக் கையால் தொட்டது கூட இல்லையே." கெவின் எடுக்கட்டும், நான் திருத்தட்டும் என்பது அதன் பொருள். கடல் தாண்டி வந்தும் யாரோ செய்ததைச் சரிபார்க்கும் கையாகவே இருந்துவிட்டுப் போகவா? அடுத்த மாதக் கருத்தரங்கில் ரிசீவர்களைப் பற்றி நான் பேசுகிறேன் என்றேன். பேசி முடித்தபிறகு யாருக்கு வகுப்பு என்று முடிவு செய்யுங்கள் என்றேன். சரி என்றார். கெவின் காதில் கை வைத்து "ஹலோ" என்றான்.

அதற்காக ஒரு சனிக்கிழமை ஆட்டம் பார்க்கவும் போனேன். பல்லாயிரம் பேர். முகத்தில் சாயம். பனியில் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கும் ஆண்கள். பத்து விநாடி ஆட்டம், ஐந்து நிமிட ஆலோசனை. ஏன் நிறுத்தினார்கள், ஏன் தொடங்கினார்கள் என்று பக்கத்தில் இருந்த அம்மாளைக் கேட்டேன். எனக்குக் குளிர்கிறது என்று புரிந்துகொண்டு பாதிக் கம்பளியை என் மேல் போர்த்திவிட்டார். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது ஒருவன் ஓடினான். திரும்பிப் பார்க்காமல் ஓடினான். பந்து அவன் தலைக்குப் பின்னாலிருந்து வந்தது. கடைசி நொடியில் கையை நீட்டினான்; நீட்டிய வேகத்திலேயே பந்தோடு சேர்த்துக் கையைக் கீழே இழுத்துக்கொண்டான். கம்பளிக்குள் என் கையும் அதேபோலக் கீழே இறங்கியது. அந்த இறக்கத்தை எனக்குத் தெரியும்.

கட்டடத்தில் கல் மேலே போவதைக் கவனித்திருக்கிறீர்களா? தரையிலிருந்து முதல் தளம், அங்கிருந்து இரண்டாவது, அங்கிருந்து சாரம். ஆளுக்கு ஆள் எறிந்து வாங்குவார்கள். கடைசிக் கை அம்மாவுடையது. அவளுக்கு எறிந்தவர் முத்தையா அண்ணன். அவர் எறிந்தால் கல் அம்மாவின் கைக்கு நேரே வந்து ஒரு கணம் நிற்கும். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. அந்தக் கணத்தில் கல்லுக்குக் கனமே இல்லை. அம்மா கையை நீட்டி, கல்லோடு சேர்த்துக் கையைக் கீழே இறக்கி வைப்பாள், அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு அம்மாவின் கைதான் தெரியும். எறிந்தவரை யாரும் பார்ப்பதில்லை.

முத்தையா அண்ணன் வேறு வேலைக்குப் போனார். புதிதாக வந்தவன் பலம் காட்டுகிறவன். முதல் நாளே ஒரு கல் அம்மாவின் மோதிர விரலை நசுக்கியது. இன்றைக்கும் அந்த விரல் கோணல். மேஸ்திரி கீழே இருந்து கத்தினார்.

"பேச்சி, ஒனக்குக் கை போச்சு. அந்தக் காலத்துல ராக்காயி வாங்குவா பாரு, கண்ண மூடிக்கிட்டு வாங்குவா. ஒரு கல்லு கீழ விழுந்ததில்ல."

அம்மா விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "ராக்காயி அக்கா வாங்குனது ஒத்த மாடிக்குண்ணே. அதுவும் நாட்டுக்கல்லு, உள்ளங்கைக்குள்ள அடங்கும். அவளக் கூட்டியாந்து இந்தச் சாரத்துல நிப்பாட்டுங்க. அப்புறம் பேசுவோம்."

"அவ செத்து எம்புட்டு நாளாச்சு."

"அதான் தைரியமாப் பேசுறீக."

இந்த முறை கலவை போட்டவர்கள் மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்காகவே அவர் அம்மாவைச் சாரத்திலிருந்து இறக்கிச் சாந்துச்சட்டி சுமக்க விட்டார். மேலே வேறொரு பெண்ணை நிறுத்தினார். அம்மாவை விட வயது குறைந்தவள். அந்த வாரமே அவளுக்கும் மணிக்கட்டில் அடி விழுந்தது. அதற்குப் பிறகுதான் எறிகிறவனை மாற்றினார். வாங்குகிற கையை மாற்றிப் பார், தவறு அப்படியே இருக்கிறது. எறிகிற கையை மாற்று, தவறு போய்விடுகிறது. இதைவிடச் சுத்தமான சோதனையை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. தன் சோதனை என்ன சொல்கிறது என்று அந்த மனிதருக்கு மட்டும் விளங்கவில்லை. "ஏறு, வந்து வாங்கு" என்றார் அம்மாவிடம். அவ்வளவுதான். வருத்தம் தெரிவிக்கும் வழக்கம் மேஸ்திரிகளுக்கு இல்லை.

மூன்று வாரக் கடைசிகளை நூலகத்தின் கீழ்த்தளத்தில் கழித்தேன். பழைய நாளிதழ்களை மைக்ரோஃபிலிமில் உருட்டி உருட்டிக் கண் எரிந்தது. பேராசிரியரின் ஆள் ஆடியபோது எதிரணியின் நல்ல ஆட்களில் பலர் உலகப்போருக்குப் போயிருந்தார்கள். அவர் தாண்டி ஓடியது மிச்சமிருந்தவர்களை. கெவினின் ஆளுக்கோ சட்டமே தோள் கொடுக்கிறது. சில வருடங்களுக்கு முன் விதியை மாற்றி, ஓடுகிறவனை ஐந்து கஜத்துக்கு அப்பால் யாரும் கைவைத்துத் தடுக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு பருவத்தில் ஆடும் ஆட்டங்களும் கூடிவிட்டன. நடுவில் கொஞ்ச காலம் கையில் பசை தடவிக்கொண்டு பந்து பிடித்திருக்கிறார்கள்; இப்போதுதான் தடை செய்தார்கள். பசை. இதை அம்மாவுக்கு எழுதினேன். எதிர்வீட்டு டீச்சர் வாசித்துக் காட்ட, அம்மா சொல்லச் சொல்ல அவரே பதிலும் எழுதியிருந்தார்: "பசையத் தடவிட்டா கல்ல எப்படிம்மா கீழ வைப்பாக?"

கருத்தரங்கில் இருபது பேர் இருந்தார்கள். நான் யார் பெரியவன் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவனையும் அவன் காலத்தில் அவனோடு ஓடியவர்களோடு நிறுத்திப் பார்க்க வேண்டும், இன்னொரு காலத்து ஆளோடு அல்ல என்றேன். பிறகு, எறிபவன் காயப்பட்டு உட்கார்ந்த வாரங்களை மட்டும் தனியே எடுத்துக் காட்டினேன். அந்த வாரங்களில் இரண்டு தெய்வங்களும் சாதாரண மனிதர்கள். "நீங்கள் இத்தனை வருடமாகப் பிடித்தவனை ஒப்பிடவில்லை. இரண்டு சட்டப்புத்தகங்களையும் இரண்டு எறிந்த கைகளையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்" என்றேன். கெவின் கையைத் தூக்கி, "சரி, கடைசியில் யார்தான் சிறந்தவர்?" என்றான். சிலருக்குக் கல் தலையில் விழுந்தால்கூடத் தெரியாது.

பேராசிரியர் எழுந்து வந்து, நான் வரைந்து காட்டிய வரைபடத்தில் அந்த வாரங்களின் மேல் விரலை வைத்தார். "எறிபவனிடமிருந்து தொடங்க உனக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டார்.

"என் அம்மா ஒரு ரிசீவர்" என்றேன்.

பின்வரிசையில் ஒருவர் மரியாதையோடு கேட்டார். "பெண்கள் அணியா?"

"பெரும்பாலும் பெண்கள்தான்."

"தலைக்கவசம் உண்டா?"

"இல்லை. கையுறையும் இல்லை."

"கடவுளே" என்றார் அவர். மதுரையில் பெண்கள் தலைக்கவசம் இல்லாமல் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறார்கள் என்று இன்றைக்கும் எங்கள் துறையில் சிலர் நம்புகிறார்கள். நான் திருத்தவில்லை. இரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியது போதும்.

இலையுதிர்காலத்து வகுப்பு எனக்கு வந்தது. "முதல் பாடம் மட்டும் ரிசீவர்களைப் பற்றியதாகவே இருக்கட்டும், அது இங்கே மரபு" என்றார் பேராசிரியர். இருக்கும் என்றேன்.

சொன்ன வாக்கை மீறவில்லை. முதல் கணக்கை நேற்றே தட்டச்சு செய்துவிட்டேன். ராக்காயி ஒற்றை மாடிக்குச் சிறிய கல்லை வாங்கினாள். பேச்சியம்மாள் மூன்று மாடிக்குப் பெரிய கல்லை வாங்கினாள். இருவருக்கும் எறிந்தவர்கள் வேறு. சிறந்த ரிசீவர் யார் என்று ஒருவர் கேட்கிறார். அவருடைய கேள்வியில் உள்ள தவறுகளைக் கூறுக. பிரதி எடுக்கும் இயந்திரத்தருகே கெவின் அதை எட்டிப் பார்த்தான்.

"யார் இவர்கள்? எந்த அணி?"

"கோரிப்பாளையம்."

"கேள்விப்பட்டதே இல்லையே."

"உன் காலத்துக்கு முந்தியது" என்றேன்.

வகுப்புக்கு அறுபது பிரதிகள் போதும். அறுபத்தொன்று எடுத்தேன். அந்த இயந்திரத்தின் ஊதா மை இன்னும் விரலில் இருக்கிறது. அறுபதும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. செப்டம்பரில் சோளக்கதிர் நிறத் தலைமுடிப் பிள்ளைகள் ராக்காயியை வாய்க்கு வந்தபடி உச்சரிப்பார்கள். மிச்சம் ஒன்றை இன்று காலை விமானத் தபாலில் சேர்த்துவிட்டேன். மேஸ்திரியின் வீட்டு விலாசத்துக்கு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. படித்த யாரையாவது தேடிப் போய்த்தான் அதில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், தபால்காரர் வாசலில் வந்து நிற்கும்போது, கையை நீட்டி அவர் அதை வாங்க வேண்டும். கையில் நிற்கிறதா பார்ப்போம்.